அமாவாசை மீத்தேன்

தெர்மகோல் உருண்டையின் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் உருண்டை கரைந்துபோகும். வேதியியல் படித்த யாருக்கும் இது தெரியும். ஜெயசீலிக்கும் தெரியும். எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழகத்திலேயே நாலாவதாக வந்தவள். பதினாறு வருஷமாகச் சித்தூரில் இன்டர், அதாவது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதையெல்லாம்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தும் அடித்தாள். பன்னிரண்டு உருண்டைகளும் அவள் கண்ணெதிரே குழிவிழுந்து, சுருங்கி, கடைசியில் பழைய பேப்பரில் ஒட்டிய பிசினாகிவிட்டன. படித்த படிப்பு தேவைப்படுகிற நேரம் பார்த்து லீவு போட்டுவிடுகிறது, என்ன செய்ய?

அப்போது மாலை ஐந்து மணி. மறுநாள் பதினொரு மணிக்குத் திருப்பதியில் அவளுக்கு டெமோ.

டெமோ என்பது தனியார் கல்லூரிக்காரர்கள் லெக்சரர்களை உரசிப் பார்க்கும் முறை. நிஜமான மாணவர்களை உட்காரவைத்து, நிஜமான பாடத்தை இருபது நிமிஷம் எடுக்கச் சொல்வார்கள். பின்பெஞ்சில் டீன் உட்கார்ந்திருப்பார். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால், நாங்களே போன் செய்கிறோம் என்பார்கள். அந்தப் போன் உலகத்தில் யாருக்கும் வந்ததில்லை.

ஜெயசீலி வேலை பார்த்த சித்தூர் கல்லூரியில் இந்த ஜூன் மாதத்தோடு சயன்ஸ் குரூப்பையே எடுத்துவிட்டார்கள். சேர ஆளில்லை. கரஸ்பாண்டென்ட் நல்ல மனுஷன், அவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் அட்மிஷன் பி.ஆர்.ஓ. வேலை தருகிறேன் என்றார். அதாவது வெயிலில் வீடு வீடாகப் போய், உங்கள் பிள்ளையை எங்கள் காமர்ஸ் குரூப்பில் சேருங்கள் என்று நோட்டீஸ் நீட்டுகிற வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். ஜெயசீலிக்கு அந்த வேலை வேண்டாம். கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கு இருக்கத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு முன் இரண்டு டெமோ போய்வந்தாயிற்று. இரண்டிலும் ஒரே பள்ளத்தில் விழுந்தாள். பாடம் மூலக்கூறுகளின் வடிவம். மீத்தேனில் நடுவில் ஒரு கார்பன், சுற்றி நாலு ஹைட்ரஜன். நாலும் ஒன்றை ஒன்று எவ்வளவு தள்ளி நிற்கமுடியுமோ அவ்வளவு தள்ளி நிற்கும். கோணம் நூற்று ஒன்பதரை டிகிரி. இதுவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்தது அமோனியா. அதில் ஹைட்ரஜன் மூன்றுதான். நாலாவது இடத்தில் அணு எதுவும் கிடையாது, இரண்டு எலக்ட்ரான்கள் மட்டும் சும்மா இருக்கும். லோன் பேர் என்று அதற்குப் பெயர். ஆளே இல்லாத அந்த இடம்தான் ஆள் இருக்கிற இடங்களைவிட அதிகமாகத் தள்ளும். அதனால் மற்ற மூன்றும் நெருங்கி, கோணம் நூற்று ஏழாகிவிடும். தண்ணீரில் அப்படி இரண்டு ஜோடி. கோணம் இன்னும் ஒடுங்கி நூற்று நாலரை.

முதல் டெமோவில் இந்த இடம் வந்ததும் மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். இரண்டாவதில் பிரின்சிபாலே கை தூக்கி, ஆளில்லாத இடம் எப்படியம்மா ஆளைவிட அதிகமாகத் தள்ளும் என்று கேட்டார். ஜெயசீலி புத்தகத்தில் இருப்பதைச் சொன்னாள். அவர் மறுபடி அதையே கேட்டார். அவள் மறுபடி புத்தகத்தையே சொன்னாள். நாங்களே போன் செய்கிறோம் என்றார்.

அதனால்தான் இந்த முறை கையில் மாடல் கொண்டுபோகிறது என்று முடிவு செய்திருந்தாள். மாடல் இப்போது பேப்பரில் பிசினாகக் கிடந்தது.

அந்தச் சமயத்தில் அவள் கண்ணில் பட்டது இஸ்ரேலின் எலுமிச்சம்பழம். இஸ்ரேல் அவள் கணவன். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூபர்வைசர். வருஷம் பூராவும் மாம்பழத்தின் முகத்தில் விழிக்கிற வெறுப்போ என்னவோ, மனுஷனுக்கு எலுமிச்சை ஊறுகாய் மேல் அப்படி ஒரு பக்தி. நாற்பது பழம் வாங்கிவந்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, வேட்டி விரித்து வைத்திருந்தான். அதில் பன்னிரண்டு வேண்டும் என்று அவள் கேட்டதும் முகம் சுருங்கிப்போயிற்று. வேலை விஷயம் என்பதால் மறுக்கவும் முடியவில்லை. அரைமணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்து, புள்ளி விழுந்தவையாகப் பன்னிரண்டு எடுத்துக் கொடுத்தான்.

இனி நிறம். இந்த மாடல்களுக்கு உலகம் முழுக்க ஒரே சட்டம்: ஹைட்ரஜன் வெள்ளை, கார்பன் கறுப்பு, நைட்ரஜன் நீலம், ஆக்ஸிஜன் சிவப்பு. பெயின்ட் டப்பாவைத் தொட அவளுக்குத் தைரியமில்லை. ஒன்பது பழத்துக்குச் சுண்ணாம்பு பூசினாள். ஒன்றுக்குக் கண்மை. ஒன்றுக்குத் துணிக்குப் போடும் சொட்டு நீலம். சிவப்புக்குத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு துர்காதேவியிடம் போய்க் கொஞ்சம் குங்குமம் கேட்டாள். கிறிஸ்தவர் வீட்டில் குங்குமம் கேட்கிறார்களே என்று துர்காதேவி மனம் குளிர்ந்து ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள். பிணைப்புக்கு விளக்குமாற்றுக் குச்சி. கோணமானியை இஸ்ரேல் பிடித்துக்கொள்ள, அவள் ஒவ்வொரு குச்சியாகக் குத்தினாள். லோன் பேர் இருக்கும் இடங்களில் மட்டும் பழம் இல்லாமல் மொட்டைக் குச்சியாக விட்டாள். நீலத்தில் ஒரு மொட்டைக் குச்சி, சிவப்பில் இரண்டு.

அட்டைப்பெட்டியில் வைத்தால் நசுங்கிக் கோணம் கெட்டுவிடும் என்பதால் முறத்தில் வைத்து, மேலே ஒரு வாழையிலையைக் கவிழ்த்தாள்.

இப்போது நீங்கள் பார்ப்பதை அவள் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து சித்தூர்க்காரிதான். முச்சந்தியில் குங்குமம் அப்பிய எலுமிச்சம்பழத்தை ஆயிரம் முறை தாண்டி நடந்தவள்தான். ஆனால் அவள் கண்ணுக்கு முறத்தில் இருந்தவை மீத்தேன், அமோனியா, தண்ணீர். இன்னொன்றும் உண்டு. அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது சபையில் கொடுத்த காலண்டர். அதில் ஞாயிறு சிவப்பாக இருக்கும், ஈஸ்டர் சிவப்பாக இருக்கும், சபையார் கூடும் சங்கப் பண்டிகைகூட இருக்கும். அமாவாசை இருக்காது.

மறுநாள் வியாழக்கிழமை, நல்ல அமாவாசை. காலையில் அவள் முறத்தோடு வெளியே வந்தபோது துர்காதேவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். காற்றில் இலை லேசாகத் தூக்கியது. துர்காதேவி பார்த்தாள். பாதிக் கோலத்தை அப்படியே விட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்பில் பால் பொங்கியிருக்கும் என்று ஜெயசீலி நினைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. பெண்களுக்கு ஆதார் காட்டினால் காசில்லாத ஜீரோ டிக்கெட் என்று வந்ததிலிருந்து அந்த ரூட்டில் மூச்சுவிட இடம் கிடையாது. மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்காருவது அங்கே சட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு சீட்டில்தான் இடம் தெரிந்தது. ஜன்னலோரம் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க கமலம்மா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மிச்ச இடம் முழுக்கப் பச்சைக் கரை போட்ட நீளத் துண்டு விரித்துக் கிடந்தது. பூதலப்பட்டில் அவளுடைய நாத்தனார் ஏறவேண்டுமாம். துண்டு போட்ட இடத்தில் உட்காரக் கூடாது என்பது ஜெயசீலிக்கும் தெரிந்ததுதான். அவள் முறத்தோடு நின்றுகொண்டாள்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கி, வாழையிலை நழுவிக் கீழே விழுந்தது.

முதலில் பேச்சு நின்றது. பிறகு அவளைச் சுற்றி நின்றவர்கள் நகர்ந்தார்கள். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் எப்படி நகர்ந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நகர்ந்தார்கள். கமலம்மா துண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்து பின்னால் போய்விட்டாள். மூன்று பேர் சீட் முழுசாகக் காலி. அவளைப் பார்த்து யாரோ, உட்காருங்க உட்காருங்க என்றார்கள். லெக்சரருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று ஜெயசீலிக்குச் சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்து, முறத்தைப் பக்கத்தில் வைத்து, கோணமானியை எடுத்து மீத்தேனைச் சரிபார்க்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு சீட் காலியானது.

கண்டக்டர் சிட்டிபாபு வந்தார். மற்றவர்களிடம் ஆதாரைக் கையில் வாங்கிப் பார்த்தவர், அவளுடையதைத் தூரத்தில் இருந்தே பார்த்துத் திருப்தி அடைந்தார். டிக்கெட்டைச் சீட்டுக் கம்பியின் மேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"அம்மா, ஈ ரோஜு அமாவாசை. இன்னா தைரியத்துல இதைப் பஸ்ல எத்திக்கினு வந்தீங்க?"

அப்போதுதான் ஜெயசீலிக்கு எல்லாம் விளங்கியது. முறத்தைப் புதுசாகப் பார்த்தாள். குங்குமம், சுண்ணாம்பு, கண்மை, விளக்குமாற்றுக் குச்சி, வாழையிலை. அவளுக்கே லேசாகப் பயமாக இருந்தது. அவசரமாக, இது கெமிஸ்ட்ரி, மீத்தேன் மாடல் என்றாள்.

இந்த இடத்தில் தணிகாசலம் எழுந்தார். நகரியில் பவர்லூம் வைத்திருப்பவர், சித்தூரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திருப்பதி போகிறார். திருஷ்டி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று அவர் பேசுகிற தோரணையிலேயே தெரிந்தது. மீத்தேன் என்பது கேஸ்தானே என்று கேட்டார். ஆமாம் கேஸ்தான் என்றாள் ஜெயசீலி, ஒருவருக்காவது புரிந்ததே என்ற ஆறுதலில். பற்றிக்கொள்ளுமா என்று கேட்டார். பற்றிக்கொள்ளும் என்றாள். பஸ்ஸில் கேஸ் ஏற்றக் கூடாது என்று போர்டு இருப்பதை அவர் கண்டக்டருக்குச் சுட்டிக்காட்டினார். இப்போது அவள் மேல் இரண்டு குற்றம் ஆயிற்று.

தணிகாசலம் அதோடு விடவில்லை. "சரி, அந்த நீலத்துல ஒரு குச்சி மொட்டையா நிக்குதே. அங்க இன்னா கீது?"

ஜெயசீலி பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் ஆசிரியை. கேள்வி கேட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"அங்க ஒரு ஜோடி இருக்குங்க. கண்ணுக்குத் தெரியாது. ஆனா பக்கத்துல இருக்கறவங்களைத் தள்ளிக்கினே இருக்கும்."

பதினாறு வருஷத்தில் லோன் பேரை அவளிடம் இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். டிரைவரும் கேட்டார். கேட்டுவிட்டு, ரோட்டோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, என்ஜினையும் அணைத்துவிட்டார். அது கீழே இறங்கினால்தான் வண்டி நகரும் என்றார்.

மணி ஒன்பதரை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வருகிறேன் என்று ஜெயசீலி எழுந்தாள். அதற்கும் விடவில்லை. கீழே வைத்தால் அந்தப் பக்கம் போகிறவர்கள் மிதிப்பார்கள், அந்தப் பாவம் பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் என்றார் ஒருவர். கால்வாயில் போடலாம் என்றார் இன்னொருவர். ஜூன் மாதத்தில் கால்வாயில் ஏது தண்ணீர்? ஒரு பெண் இதையே சாக்காக வைத்து, தன் பையன் பரீட்சைக்கு ஒரு சுற்று சுற்றிப்போடமுடியுமா என்று ஜெயசீலியிடம் ரகசியமாகக் கேட்டாள். ஜெயசீலி அவனை நன்றாகப் படிக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றம்.

கடைசியில் தணிகாசலம் தீர்ப்பு சொன்னார். புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதில்லையா? அதே வழிதான் இதற்கும். வண்டிக்கும் நல்லது, எல்லோருக்கும் நல்லது. டயர் எத்தனை? முன்னால் இரண்டு, பின்னால் நாலு. பழம் எத்தனை? பன்னிரண்டு. டயருக்கு இரண்டு. கணக்கு இப்படிக் கச்சிதமாக வந்ததும் பஸ்ஸே கையெடுத்துக் கும்பிட்டது. ஆனால் வைத்தவர்கள் கையாலேயே பிரிக்கவேண்டும் என்றார்.

முந்தின நாள் இரண்டு மணி நேரம் சேர்த்த பிணைப்புகளை ஜெயசீலி இரண்டு நிமிஷத்தில் பிய்த்தாள். வெயிலில் குனிந்து ஒவ்வொரு டயருக்கு அடியிலும் வைத்தாள். டிரைவர் கியர் போட்டார். நூற்று ஒன்பதரை, நூற்று ஏழு, நூற்று நாலரை மூன்றும் சத்தம் போட்டுக்கொண்டு ரோட்டில் ஒரே தளமாகப் படிந்தன. பஸ்ஸில் கைதட்டினார்கள். ஜெயசீலி காலி முறத்தோடு புளியமரத்தடியில் நின்று அழுதாள். வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள். நோட்டீஸ் பையும் வெயிலும் அவள் கண்முன் வந்துபோயின.

அழுவதைப் பார்த்துவிட்டுக் கமலம்மா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். அவள் பழைய சீட்டுக்கே திரும்பியிருந்தாள். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். பழம் போய்விட்டதால் பஸ்ஸில் எல்லோருக்கும் இப்போது ஜெயசீலி மேல் பாசம் வந்துவிட்டது. தணிகாசலம் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எங்கே போகிறீர்கள் என்று சிட்டிபாபு விசாரித்து, டெமோ என்று கேள்விப்பட்டதும் டிரைவரிடம் போய் வேகமாக ஓட்டச் சொன்னார்.

எல்லாம் சரி, உட்கார இடம்தான் இல்லை. கமலம்மா துண்டை மறுபடி விரித்துவிட்டிருந்தாள். ஜன்னலுக்கும் துண்டுக்கும் நடுவில் இரண்டு பேரும் விலா இடிக்க ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசையில் அதே அளவு சீட்டில் நாலு பேர் வசதியாக வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பூதலப்பட்டு வந்தது. நாத்தனார் ஏறவில்லை. போன் போட்டால், முந்தின பஸ்ஸிலேயே ஏறிவிட்டதாகச் சொன்னாள். சந்திரகிரியில் இறங்கி இந்தப் பஸ்ஸில் ஏறும்படி கமலம்மா உத்தரவு போட்டாள். துண்டு அசையவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், ஒருவரும் தொடவில்லை.

ஜெயசீலியின் இடது கை மரத்துப்போனது. அவள் பொறுக்கமுடியாமல், நாத்தனாரே உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு நெருக்காதே என்றாள்.

கமலம்மா அதை ஒரு கேள்வியாகவே மதிக்கவில்லை. "ஆளு ஒக்காந்தா கையைக் காலை ஒடுக்கிக்குவா. துண்டு எப்பிடிம்மா ஒடுக்கிக்கும்?"

ஜெயசீலி திரும்பி அவளைப் பார்த்தாள். அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள். கமலம்மா சொன்னாள். ஜெயசீலி பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

பதினாறு வருஷமாகப் புத்தகம் சொன்னதும் இதுதான். ஹைட்ரஜன் இருக்கிற இடத்தில் எலக்ட்ரான்களை மறுமுனையில் இருந்து ஹைட்ரஜன் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அவை ஒடுங்கி ஒல்லியாக இருக்கும். லோன் பேரைப் பிடிக்க மறுமுனையில் ஆளில்லை. அது பாட்டுக்கு விரிந்து பரந்து கிடக்கும். ஆளில்லாததால்தான் அதிக இடம். அவளுக்கு இது தெரியும். இப்போதுதான் விலாவில் இடித்தது.

சந்திரகிரியிலும் நாத்தனார் இல்லை. துண்டுதான் சித்தூரில் இருந்து திருப்பதிவரை முழு சீட்டில் பயணம் செய்தது. இறங்கும்போது ஜெயசீலி அந்தத் துண்டைக் கேட்டாள். கமலம்மா கொஞ்ச நேரம் அவள் முகத்தையும் குங்குமம் படிந்த முறத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் பேரைச் சொல்லி ஒண்ணும் பண்ண மாட்டியே?"

மாட்டேன் என்று ஜெயசீலி பைபிள் மேல் சத்தியம் செய்கிற குரலில் சொன்னாள். உன் பழத்தையெல்லாம் நாங்கள்தானே நசுக்கினோம், துண்டு போனால் போகட்டும் என்று கமலம்மா கொடுத்துவிட்டாள்.

கல்லூரிக்குள் நுழையும்போது பதினொன்று பத்து. கையில் முறம், தோளில் துண்டு, புடவையில் சுண்ணாம்பும் குங்குமமும், மேலெல்லாம் எலுமிச்சை வாசம். வாட்ச்மேன் ஏதோ கேட்க வாயெடுத்து, முறத்தைப் பார்த்ததும் வழிவிட்டார். டீன் வரலட்சுமி போனில் இருக்கிறார், நீங்கள் ஆரம்பியுங்கள் என்று வகுப்புக்கு அனுப்பினார்கள். நாலாவது நிமிஷத்திலேயே போதும் என்று கைகாட்டுகிறவர் என்று அந்த டீனுக்குப் பெயர்.

அறுபது பேர். பெஞ்சுக்கு நாலு பேர். காலையில் இருந்து நாலாவது கிளாஸ், பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். ஜெயசீலி போர்டுப் பக்கமே போகவில்லை. முதல் பெஞ்சில் நாலு பெண்களையும், ஒருவரை ஒருவர் இடிக்காமல் எவ்வளவு தள்ளி உட்காரமுடியுமோ அப்படி உட்காரச் சொன்னாள். இதுதான் மீத்தேன் என்றாள். பிறகு ஒரு பெண்ணை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் துண்டை உதறி விரித்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. மற்ற மூன்று பேரும் தாங்களாகவே நகர்ந்து ஒட்டிக்கொண்டார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். இது அமோனியா என்றாள். அடுத்து இன்னொரு பெண்ணை எழுப்பி, அங்கே முறத்தை வைத்தாள். குங்கும முறத்தைப் பார்த்ததும் மிச்சம் இருந்த இரண்டு பெண்களும் பெஞ்சின் மறுகோடிக்கே போய்விட்டார்கள். ஓரத்தில் இருந்தவள் விழாமல் இருக்க மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இது தண்ணீர் என்றாள் ஜெயசீலி. இப்போது வகுப்பு முழுக்க விழித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து டீன் வரலட்சுமி உள்ளே வந்தார். கடைசி பெஞ்சில் எழுப்பிவிட்ட பெண்கள் போய் உட்கார்ந்திருந்தார்கள். இடம் இருந்தது முதல் பெஞ்சில்தான். டீன் அங்கே வந்தார். துண்டைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். துண்டுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவில் இருந்த நாலு விரல் இடத்தில், ஒருக்களித்து, பாதி உடம்பு பெஞ்சில் படாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு தெலுங்கில் கேட்டார். ஜெயசீலி பயந்த அதே கேள்வி. அங்கே அணுவே இல்லையே, இல்லாதது எப்படித் தள்ளும்?

ஜெயசீலி கமலம்மாவின் துண்டைக் காட்டினாள். மேடம், அந்தத் துண்டை எடுத்துவிட்டு நன்றாக உட்காரலாமே என்றாள்.

டீன் துண்டைப் பார்த்தார். கை நீட்டவில்லை. "எவரோ வேசாரு கதா," என்றார். யாரோ போட்டிருக்கிறார்களே என்று அர்த்தம்.

"யாரு மேடம்?"

அறுபது பேரும் டீன் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். முதலில் ஒரு பெண் சிரித்தாள், பிறகு வகுப்பே சிரித்தது. கடைசியாக டீனும் சிரித்தார். சிரிக்கும்போது பெஞ்சில் இருந்து நழுவப் பார்த்து, முறத்தைப் பிடித்ததில் அவர் கையில் குங்குமம் பட்டது. நாலாவது நிமிஷம் தாண்டிப் பதினெட்டாவது நிமிஷம் ஆகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமையே வந்துவிடுங்கள் என்றார்கள். நாங்கள் போன் செய்கிறோம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் ஜெயசீலி வீட்டுக்கு வந்து இஸ்ரேலிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கட்டிப்பிடித்தபடியே, பழங்கள் எங்கே என்று கேட்டான்.

சந்தோஷத்தில் துண்டையும் முறத்தையும் அவள் கல்லூரியிலேயே மறந்துவிட்டாள். திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டோடு அதே வகுப்புக்குள் நுழைந்தாள். நடுவில் மூன்று நாள் போயிருந்தது. பெருக்குகிறவர்கள் வந்துபோயிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு நடந்திருக்கிறது, வேறு செக்‌ஷன்காரர்கள் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். முதல் பெஞ்சில் துண்டு போட்டது போட்டபடி கிடந்தது. முறமும் இருந்தது. மறுகோடியில் அதே இரண்டு பெண்கள் ஒட்டிக்கொண்டு, ஒருத்தி மேஜையைப் பிடித்தபடி, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.